உயரம்டா, அடுத்த வருஷம் பார்ப்போம்

2017 ஜூன் 23, வெள்ளிக்கிழமை காலை. நோன்பு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) பகலில் திறக்கவில்லை. அதனால் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தோசைக் கடையில், கைப்பேசியைச் சாம்பார் வாளியின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, நானும் மச்சானும் என்பிஏ டிராஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தோம், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதல் இடத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸ், இரண்டாவதில் லோன்சோ பால் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. எங்கள் சண்டை மூன்றாம் இடத்தைப் பற்றியது. கையில் இருந்த முதல் இடத்தைச் சில நாள் முன்புதான் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு பாஸ்டன் மூன்றாவதுக்கு இறங்கியிருந்தது. அங்கே களத்தின் ஓரங்களில் நின்று ஆடும் இரண்டு விங் ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேசன் டேட்டம், கன்சாஸின் ஜாஷ் ஜாக்சன். நான் ஜாக்சன் கட்சி. என்பிஏ தலைவர் ஆடம் சில்வர் மேடைக்கு வந்து டேட்டம் பெயரைச் சொன்னதும் எனக்குத் தோசை இறங்கவில்லை. "பாரு மச்சான், மூணு வருஷத்துல பாஸ்டன்காரன் அழுவான்" என்றேன். மச்சான் ஒன்றும் சொல்லாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது கூடைப்பந்து பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். ஓர் ஆண்டுகூட முடியவில்லை, கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸின் தலைக்குமேல் ஏறி டேட்டம் பந்தைத் திணித்தார். 2024இல் பாஸ்டனுக்குக் கோப்பை. ஜாக்சன் நான்காவதாக ஃபீனிக்ஸ் போனார், பிறகு மெம்ஃபிஸ், டெட்ராய்ட், சாக்ரமென்டோ. 2022க்குப் பிறகு என்பிஏவில் அவர் ஆடவில்லை. என் கணிப்பு தப்பியது சரி, டிராஃப்டில் யாருடைய கணிப்புதான் தப்பவில்லை? அது என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து எங்கள் குடியிருப்புத் திடலில், என் கண் முன்னால் வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, அதே தப்பை, அதே காரணத்துக்காக நான் மறுபடி செய்தேன். அதுதான் இத்தனை ஆண்டாகியும் உறுத்துகிறது.

முதலில் ஜாக்சனை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஆட்டம் கண்ணை நிறைக்கும். எதிராளியின் பந்துக்குப் பாய்கிற வேகம், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்த கையோடு தானே பந்தை ஓட்டிக்கொண்டு போகிற துணிச்சல், நடுக்களத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கொடுக்கிற பாஸ், வளையத்துக்குமேல் எழும்புகிற கால். டேட்டம் அப்படி இல்லை. நின்று, தோளை ஒரு பக்கம் காட்டி, மறுபக்கம் ஓரடி நகர்ந்து, நடுத் தூரத்திலிருந்து அமைதியாக எறிவார். பத்தொன்பது வயதுப் பையன் முப்பது வயதுக்காரர்போல் ஆடுகிறானே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. "இவன் இதுக்கு மேல எங்க போவான்? ஜாக்சனுக்கு இன்னும் இடம் இருக்கு" என்பது என் வாதம்.

மச்சான் சீனப் பள்ளியில் தொடக்கக் கல்வி படித்தவர். அங்கே கூடைப்பந்து எப்படி என்றால், நம் தமிழ்ப்பள்ளியில் காற்பந்து எப்படியோ அப்படி. எட்டு வயதிலிருந்து பந்தோடு வளர்ந்த ஆள், பேச்சு குறைவு. அன்று அவர் ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டினார். கல்லூரியில் ஜாக்சனின் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் பந்து, 56.6 சதவீதம். டேட்டமுடையது 84.9. நான் விடவில்லை. தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சில் ஜாக்சன் 37.8, டேட்டம் 34.2, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "ஜாக்சன் எத்தனை பந்து எறிஞ்சான்னு பாத்தியா? தொண்ணூறு. அஞ்சு பந்து வளையத்துல சுத்தி வெளிய விழுந்திருந்தா முப்பத்திரண்டுக்கு வந்திருப்பான். ஃப்ரீ த்ரோ பொய் சொல்லாது மச்சான்."

அந்தப் பேச்சை அன்று நான் காதில் வாங்கவில்லை. இப்போது யோசிக்கும்போது அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து பலகை 15 அடி. தள்ள ஆளில்லை, கையை உயர்த்தி மறைக்க ஆளில்லை. உலகத்தில் எந்தத் திடலுக்குப் போனாலும் அதே தூரம், அதே உயரம். அங்கே தெரிவது கையின் குணம் மட்டும்தான்: பந்து விரலைவிட்டு எப்படிப் போகிறது, முழங்கை எங்கே இருக்கிறது, ஒரே அசைவு ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறதா. மூன்று புள்ளிக் கோடு அப்படி இல்லை. அப்போது கல்லூரியில் அது 6.32 மீட்டர், என்பிஏவில் வளையத்துக்கு நேர் எதிரே 7.24 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பின்னால் போனால், கையில் உள்ள சின்னக் கோணல் பெரிதாகிவிடும். ஜாக்சன் பந்தைத் தூக்கும்போது நடுவில் ஒரு தடங்கல் இருக்கும், கவனித்தவர்களுக்குத் தெரியும். கல்லூரியில் 90 வீச்சு அதை மறைத்தது. ஃப்ரீ த்ரோ மறைக்கவில்லை.

இது ஒரு முறை நடந்த கதையும் இல்லை. 2011இல் அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் மூன்று புள்ளி வீச்சில் 56.8 சதவீதம் வைத்திருந்தார். கேட்டால் தலை சுற்றும் எண். ஆனால் எறிந்தது மொத்தம் 74 பந்து. அவரை மினசோட்டா இரண்டாவதாக எடுத்தது. என்பிஏவில் அந்தக் கை தொடர்ந்து வரவே இல்லை. அதே ஆண்டு, அதே வகை ஆட்டக்காரர், சான் டியேகோ ஸ்டேட்டின் கவாய் லெனர்ட் பதினைந்தாவது இடம்வரை காத்திருந்தார். மூன்று புள்ளி வீச்சில் கல்லூரியில் ஒரு பருவம்கூட 30 சதவீதத்தைத் தொடாதவர். லெனர்ட் கதைக்குப் பிறகு வருகிறேன், அதில் இன்னொரு பாடம் இருக்கிறது.

ஒன்பதும் பதினான்கும்

வார நாளில் எனக்குக் கணக்கு வேலை. சனி, ஞாயிறு மாலையில் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சிமெண்டுத் திடலில் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஃபுட்சால் கோடும் கூடைப்பந்துக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திடல். ஒரு வளையத்தில் வலை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நாலு மணி மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்: வலை இல்லாத வளையத்தின் ஃப்ரீ த்ரோ கோட்டில்தான்.

நம் பையன்கள் கூடைப்பந்துக்கு வருவது குறைவு. வருகிறவனிடம் நான் எப்போதும் இரண்டு பெயரைச் சொல்வேன், குப்புசாமி சத்தியசீலன், குகனேஸ்வரன். இருவரும் மலேசியா டிராகன்ஸ் அணியின் சட்டையைப் போட்டவர்கள், நாட்டின் சட்டையையும் போட்டவர்கள். 2016இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று டிராகன்ஸ் ஆசியான் லீக் கோப்பையை வாங்கியபோது எங்கள் திடலில் ஒரு மாதம் பந்துக்குச் சண்டை. ஒன்பதும் பதினான்கும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள்தான். பெயர் வேண்டாம், சட்டை எண்ணாலேயே சொல்கிறேன். திடலில் நாங்கள் கூப்பிட்டதும் அப்படித்தான்.

2019இல் இருவரும் படிவம் மூன்று (இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு). ஒன்பது அப்போதே 5 அடி 11. மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது, ஓடி வந்து எழும்பினால் விரல் நுனி வளையத்தைத் தொடும். அந்த வயதில் எங்கள் திடலில் அது அதிசயம். மேல்மாடியிலிருந்து அம்மாக்கள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பதினான்கு 5 அடி 5. மெலிந்த கை, சத்தம் இல்லாத பையன். அவன் செய்ததெல்லாம் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பந்து தன்னிடம் இல்லாதபோது சரியான மூலைக்கு நகர்ந்து நிற்பான். கூட ஆடுகிறவன் டிஃபென்ஸில் கோட்டைவிட்டால் இவன் அரை அடி முன்பே அங்கே போய் நிற்பான். தன்னைவிடப் பெரியவனை முதுகால் தடுத்து, பந்தை வேறொருவன் எடுக்கட்டும் என்று விடுவான்.

பயிற்சி முடியும் நேரத்தில் எல்லாரையும் ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ எறியச் சொல்வது என் வழக்கம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். பதினான்குக்கு ஏழு, எட்டு. ஒன்பதுக்கு நாலு, சில நாள் ஐந்து. அது என் கையால் எழுதிய கணக்கு. அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அந்த ஆண்டு 15 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுக்கான தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் திடலுக்கு ஒரே ஓர் இடம். பாரத்தில் பெயர், அடையாள அட்டை எண், உயரம், எடை, ஆடும் இடம். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை, ஒன்பதின் பெயரை எழுதினேன். "ஆடும் இடம்" என்ற கட்டத்தில் விங் என்று போட்டேன்.

அடுத்த ஞாயிறு, எல்லாரும் போன பிறகு பதினான்கு மட்டும் நின்றான். பந்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"சார், நான் எதுல கொறச்சல்?"

"உயரம்டா. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்வதுபோல்தான் சொன்னான். பந்தைக் கொண்டுவந்து என் பையில் போட்டுவிட்டு, "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிப் படியேறிப் போனான். நான் திடல் விளக்கு அணையும்வரை அங்கேயே இருந்தேன். அவன் சொன்னது உண்மை. வயது வரம்பைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், இருவரும் 2004. அடுத்த ஆண்டு இருவருமே அந்த வரம்புக்கு வெளியே. பதினைந்துகூட நிறையாத பையன் அதை எண்ணிப் பார்த்திருக்கிறான், அவனுக்காகப் பெயர் எழுதும் இடத்தில் இருந்த நான் எண்ணவில்லை. வாயில் வந்த ஆறுதலைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறந்த தேதி

அன்று இரவு வீட்டுக்குப் போய், பையன்கள் சேரும்போது பெற்றோர் எழுதிக்கொடுத்த தாள்களை எடுத்தேன். ஒன்பது, ஜனவரி 2004. பதினான்கு, டிசம்பர் 2004. பள்ளிக்கணக்கில் ஒரே வயது, உடம்புக் கணக்கில் பதினோரு மாத வித்தியாசம். பையன்கள் ஒரேயடியாக வளருவது பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதில், அதிலும் ஓராண்டு முந்துவதும் பிந்துவதும் சகஜம். ஒன்பது முந்தி வளர்ந்தவன், ஜனவரிப் பிள்ளை வேறு. பதினான்கு பிந்தி வளருகிறவன், டிசம்பர்ப் பிள்ளை. நான் இரண்டு ஆட்டக்காரர்களை ஒப்பிடவில்லை. வளர்ந்து முடிக்கப்போகிற உடம்பையும் இன்னும் தொடங்காத உடம்பையும் பக்கத்தில் நிறுத்தி, முதலாவதுக்குத் திறமை என்று பெயர் வைத்திருந்தேன்.

பதினான்கின் அப்பா லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். மாடிப்படியில் எதிரே வந்தால் நான்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒன்பதின் அப்பா என் தோள் உயரம். இதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான், நள்ளிரவு தாண்டி, ஏதோ தோன்றி அந்த இன்னொரு ஜோடியின் பிறந்த தேதியைத் தேடினேன். ஜாஷ் ஜாக்சன் 1997 பிப்ரவரி. ஜேசன் டேட்டம் 1998 மார்ச். இருவருக்கும் அது கல்லூரியின் முதல் ஆண்டு, அதனால் சமவயதுக்காரர்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஜாக்சன் ஓராண்டுக்குமேல் மூத்தவர். டிராஃப்ட் அன்று அவருக்கு இருபது, டேட்டத்துக்குப் பத்தொன்பது. "இவன் இதுக்கு மேல எங்க போவான்" என்று நான் யாரைப் பார்த்துச் சொன்னேனோ, அவருக்குத்தான் போக இன்னும் தூரம் இருந்தது. இரண்டு வருட இடைவெளியில், இரண்டு நாடுகளில், நான் ஒதுக்கித் தள்ளியவர்கள் இருவரும் வயதில் இளையவர்கள், ஃப்ரீ த்ரோவில் நல்லவர்கள். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன்.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது சிகாகோ அணியின் பழைய நட்சத்திரம் ஸ்காட்டி பிப்பனை நினைக்காமல் இருக்க முடியாது. சென்ட்ரல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் உயரம் 6 அடி 1 அங்குலம்தான். ஆட்டக்காரராகக்கூட அழைக்கவில்லை, அணிக்குச் சாமான் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்லூரி முடிப்பதற்குள் 6 அடி 8 அங்குலமாகிவிட்டார். 1987இல் ஐந்தாவது இடத்தில் எடுக்கப்பட்டு, அன்றே சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். குள்ளமாக இருந்த காலத்தில் பந்தை ஓட்டவும் பாஸ் கொடுக்கவும் பழகிய கை, உடம்பு உயர்ந்த பிறகும் கூடவே வந்தது. விங் ஆட்டக்காரர்களில் அவர் தனியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரானது ஒன்பதுக்கு நடந்தது. தேர்வில் அவனை எடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை எல்ஆர்டியில் பிளாசா ராக்யாட் வரை போய் இறங்கி, ஜாலான் ஹாங் ஜெபாட்டில் உள்ள மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்தைக்கூட அவனுக்குக் காட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் அணியில் அவன்தான் நெட்டை. பாரத்தில் நான் விங் என்று எழுதியதை யாரும் பார்க்கவில்லை. வளையத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார்கள். முதுகைக் காட்டி நில், பந்து வந்தால் எழும்பி உள்ளே போடு, ரீபவுண்ட் எடுத்தால் சின்னவனிடம் கொடு. எட்டு மாதம் அவன் பந்தை இரண்டு தடவைக்குமேல் தரையில் தட்டியிருப்பானா என்று சந்தேகம். அதே மாதங்களில் அவன் வளர்வதும் நின்றுவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து திடல்களெல்லாம் மூடின. மறுபடி திறந்தபோது அவனுக்கு வயது தாண்டியிருந்தது. 6 அடி வந்திருந்தான். பெரியவர்கள் ஆட்டத்தில் வளையத்துக்குக் கீழே நிற்க அந்த உயரம் போதாது. வெளியே நின்று ஆட வேண்டிய கை பழகவே இல்லை.

அந்தப் பயிற்றுநரை நான் குறை சொல்லப்போவதில்லை. அவருக்கு அந்த ஆண்டின் ஆட்டங்களை ஜெயிக்க வேண்டும், நெட்டையாக ஒருவன் இருந்தான். ஆனால் "இவனுக்கு எதிர்காலம் இருக்கு" என்று பெயர் எழுதிக்கொடுத்தது நான். அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது போய், பந்தை ஓட்டவிடுங்கள், மூலையிலிருந்து எறியவிடுங்கள் என்று கேட்டேனா? அணிக்குப் போன பிறகு சனி, ஞாயிறில் நானே சொல்லிக்கொடுத்தேனா? எடுத்துவிட்டார்கள், என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மச்சான் ஒத்துக்கொள்ளாத இடம்

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னபோது, வயதை வைத்து நான் ஒரு புதுக் கட்சி தொடங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அவர் எடுத்துப்போட்டது 2018 டிராஃப்ட். ஃபிலடெல்ஃபியா பத்தாவது இடத்தில் மிகால் பிரிட்ஜஸை எடுத்தது. விலனோவாவில் படித்தவர், அந்த ஊர்க்காரர், அவருடைய அம்மாவே அந்த அணியின் தாய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சிறிது நேரத்தில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதினாறாவதாக எடுக்கப்பட்ட டெக்சாஸ் டெக்கின் ஸைர் ஸ்மித்தையும் பின்னாளைய முதல் சுற்று இடம் ஒன்றையும் வாங்கிக்கொண்டார்கள். இருவரும் விங். பிரிட்ஜஸுக்கு இருபத்தொன்று முடிந்து இருபத்திரண்டு நெருங்குகிறது, கல்லூரியில் இரண்டு சாம்பியன் பட்டம் பார்த்தவர். ஸ்மித்துக்கு அப்போதுதான் பத்தொன்பது, எழும்பினால் அப்படி எழும்புவார். "உன் கணக்குப்படி யாரை எடுக்கணும்? சின்னவனைத்தானே? பிரிட்ஜஸ் ஒரு ஆட்டம்கூட விடாம ஆடிக்கிட்டே இருக்கான். ஸ்மித் மொத்தமே பதிமூணு ஆட்டம்."

ஸ்மித் விஷயத்தில் மச்சான் கொஞ்சம் கடுமையாகப் பேசினார் என்றுதான் சொல்வேன். முதல் கோடையிலேயே பாதம் முறிந்தது, அப்புறம் எள் ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகி அறுவை சிகிச்சைவரை போனது. அதை ஆட்டக்காரர்களை எடைபோடும் எந்த ஸ்கவுட்டும் எழுதி வைத்திருக்க முடியாது. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிரிட்ஜஸ் வளர்ந்து முடித்தவர் என்று எல்லாரும் பேசினார்கள், கல்லூரிக்குப் போன முதல் ஆண்டு ஆடாமலே உட்கார்ந்து உடம்பைத் தேற்றியவர் என்பதை யாரும் பேசவில்லை. அவர் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிட மேலே வந்திருந்தார். பிந்தி வளர்ந்த பதினான்குதான் அவர், வயது மட்டும் வேறு. அதனால் இப்போது நான் பிறந்த தேதியைத் தனியாகப் பார்ப்பதில்லை. போன வருடம் எங்கே இருந்தான், இந்த வருடம் எங்கே இருக்கிறான், நடுவில் யார் கூட இருந்தது என்று கேட்கிறேன்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது என்று எனக்குப் படுகிறது. கவாய் லெனர்ட் சான் அன்டோனியோவுக்குப் போனார். அங்கே சிப் எங்கலண்ட் என்ற வீச்சுப் பயிற்றுநர் இருந்தார், லெனர்ட் பந்தை விடும் இடத்தைச் சரிசெய்தார். கல்லூரியில் 30 சதவீதம் தொடாத கை, என்பிஏவில் முதல் பருவத்திலேயே 37.6 சதவீதம் எறிந்தது. மூன்றாம் பருவத்தில் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஜாஷ் ஜாக்சன் ஃபீனிக்ஸில் இரண்டு பருவம் இருந்தார். அந்த இரண்டு பருவத்தில் அங்கே மூன்று தலைமைப் பயிற்றுநர்கள். முதலாமவரைப் பருவம் தொடங்கி மூன்றே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். லெனர்ட் ஃபீனிக்ஸுக்கும் ஜாக்சன் சான் அன்டோனியோவுக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஜாக்சனின் தடைகள் வீச்சோடு முடிந்தவையும் இல்லை. ஆனால் இருவரையும் எடைபோட்டவர்கள் கை நீளம், தாண்டும் உயரம், ஓடும் நேரம் எல்லாம் அளந்தார்கள். பையனைக் கூப்பிட்டுக்கொண்டு போகிற இடத்தின் அளவை யாரும் அந்தத் தாளில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

2025 டிராஃப்டை அக்கா மகனோடு பார்த்தேன். கூப்பர் ஃபிளாக் முதல் இடம் என்பதில் பேச ஒன்றும் இல்லை. அவனுக்கு ஏஸ் பெய்லிதான் உயிர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரை 6 அடி 10 என்று போட்டிருந்தது, செருப்பில்லாமல் அளந்தபோது 6 அடி 7½ வந்தது. அப்படியிருந்தும் இரண்டு பேர் மறைக்கும்போது அவர் எறிகிற சில பந்துகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கு டியூக்கின் கான் கன்யூப்பல். ஃப்ரீ த்ரோ 91.4 சதவீதம், பந்து கையில் இல்லாதபோதும் ஒரு நொடி நிற்காத கால். சார்லட் நான்காவதாகக் கன்யூப்பலை எடுத்தது, யூட்டா ஐந்தாவதாகப் பெய்லியை. "என்ன மாமா, தாண்டவே மாட்டேங்கிறான், இவனைப் போயி" என்றான் பையன். எட்டு வருடம் முன்பு தோசைக் கடையில் உட்கார்ந்திருந்த என் குரல் அது. அவனோடு நான் சண்டை போடவில்லை. பெய்லியின் ஃப்ரீ த்ரோவைத் தேடிப் பார் என்று மட்டும் சொன்னேன். 69 சதவீதம். பத்தொன்பது வயது நிறையாத பையன், கைக்கு ஓர் ஆள் கிடைத்தால் திருந்தும் எண்தான் அது. கிடைக்க வேண்டும்.

பதினான்கு இப்போது 6 அடி 1. பாலிடெக்னிக்கில் படித்து முடித்தான், கல்லூரி அணிக்கு ஆடினான், தொழில்முறைப் பக்கம் போகவில்லை. ஒன்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். அவனிடம் நான் ஒரு நாள் மன்னிப்பு கேட்டேன். "என்ன சார், அந்தச் சட்டையை இன்னும் வச்சிருக்கேன்" என்றான். பதினான்கிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

போன வாரம் மறுபடி ஒரு பாரம் வந்தது. அதே கட்டங்கள், ஒரே ஓர் இடம். திடலில் இப்போது பதின்மூன்று, பதினான்கு வயதில் இரண்டு விங் பையன்கள் இருக்கிறார்கள், ஒருவன் நெட்டை. பிறந்த தேதியையும் காலண்டர் தாள் கணக்கையும் பென்சிலால் பாரத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பெயர் இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமை மழை விட்டு, நான் ஃப்ரீ த்ரோ கோட்டுத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்பது வேலைச் சீருடையோடு வந்தான். சும்மா வேடிக்கை பார்க்க வந்தான் என்று நினைத்தேன். பையை ஓரமாக வைத்தான், அந்த நெட்டைப் பையனைக் கூப்பிட்டான், வளையத்துக்குக் கீழே இருந்தவனை நடுக்கோட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இருட்டி, திடல் விளக்கு எரியத் தொடங்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து பந்து தட்டும் சத்தமும் அவன் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. "தாழ்வா தட்டு. கீழ பாக்காத. இடது கை. மறுபடி இடது கை."